மீன் கழிவிலிருந்து மீன் தீவனம்

மீனைச் சுத்தம் செய்யும்போது ஒதுக்கப்படும் தலை, குடல், செவுள், செதில், துடுப்பு ஆகியவை மீன் கழிவு எனப்படும். இவற்றில் புரதமும் கொழுப்பும் தாது உப்புகளும் உள்ளன. முறையாகப் பதப்படுத்தினால் இக்கழிவு வளர்ப்பு மீன்களுக்குச் செலவு குறைந்த தீவனமாகும். பச்சையாகக் குளத்தில் கொட்டினால் அதே கழிவு மீன்களைக் கொன்றுவிடும்.

தேவை

மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் பெரும்பாலும் தீவனத்துக்கே போகிறது. கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்போர் அரிசித் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் சம அளவில் கலந்து இடுவது வழக்கம். புண்ணாக்கு விலை ஏறினால் சிறு பண்ணையாளருக்குக் கையைக் கடிக்கும். மறுபுறம், திருச்சி உறையூரின் காசிவிளங்கி மீன் சந்தை போன்ற இடங்களில் மீன் வெட்டும்போது கழிவு நாள்தோறும் சேர்கிறது. இது வாய்க்காலில் கலந்தால் கெடுவது காவிரி நீர்தான். திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் அந்த ஆறே வாழ்வாதாரம்.

அமில முறை

பசுந்தீவனத்தை அமிலமிட்டுக் கெடாமல் காக்கும் முறைக்காகப் பின்லாந்து வேதியியலாளர் விர்டானன் 1945-இல் நோபல் பரிசு பெற்றார். அதே கொள்கை மீனுக்கும் பொருந்தும்.

1. புதிய கழிவைப் பிளாஸ்டிக், நூல் முதலியவை நீக்கி நன்கு அரைக்க வேண்டும்.
2. 100 கிலோ கழிவுக்கு 85 விழுக்காடு அடர்வுள்ள பார்மிக் அமிலம் சுமார் 3 லிட்டர் சேர்க்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். உலோகக் கலன் அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பீப்பாயே ஏற்றது.
3. நாள்தோறும் கிளற வேண்டும். கார அமிலக் குறியீடு (பி.எச்.) 4-க்கு மேல் போகக் கூடாது.

அமிலம் அழுகவைக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. மீன் குடலிலுள்ள நொதிகள் சில நாள்களில் கழிவைக் கூழாக்குகின்றன. முதலிலேயே வேகவைத்தால் இந்த நொதிகள் அழிந்துவிடும். ஆகவே கூழான பின் தவிட்டுடன் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, இடியாப்பம்போல் பிழிந்து உலர்த்துவது நல்லது. சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். வேகவைப்பதால் அதுவும் செயலிழக்கும்.

அமிலம் கிடைக்காதபோது, கரும்பாலைக் கழிவுப்பாகும் (மொலாசஸ்) சிறிது தயிரும் கலந்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கலாம். இங்கு லாக்டிக் அமிலம் அதே வேலையைச் செய்கிறது.

தமிழ்நாட்டு முயற்சி

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மீன் சந்தைக் கழிவிலிருந்து 'பிளாங்க்டன் பிளஸ்' என்னும் நீர்மத்தை உருவாக்கியுள்ளது. இது இறால், மீன் குளங்களில் இயற்கை உணவான மிதவை உயிரிகளைப் பெருக்குகிறது. தோட்டப் பயிர்களுக்கான 'ஹார்ட்டி பிளஸ்' நீர்மமும் இக்கழிவிலிருந்தே தயாராகிறது.

எச்சரிக்கை

* பச்சைக் கழிவு குளத்தில் அழுகும்போது நீரின் உயிர்வளி குறைந்து அம்மோனியா கூடும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சுக்குத் திணறும்.
* ஓர் இன மீனின் கழிவை அதே இனத்துக்குப் பச்சையாக இட்டால் நோய் பரவலாம்.
* அழுகிய கழிவைத் தின்றும் வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, நாட்டு மீன்களை அழிப்பதால் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கழிவு மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வளர்ப்பது குற்றம்.
* நாற்றமெடுத்த கழிவை எந்த முறையாலும் நல்ல தீவனமாக்க முடியாது. வெட்டிய அன்றே பதப்படுத்த வேண்டும்.