பிளாங்கெட் கலரை பார்த்து ஏமாறாதீங்க... பின்பக்க நூலை பாருங்க!

ஆட்டையாம்பட்டி,

சேலம் மாவட்டம் ஆட்டையாம்பட்டி என்றதும் கை முறுக்கும், விசைத்தறி சத்தமும்தான் ஞாபகத்துக்கு வரும். முறுக்கு பாக்கெட்டில் வைக்கும் காகித லேபிள், கல்யாண பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ் எதுவானாலும் ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும் என்றால் ஆப்செட் மிஷின்தான் கதி.

அந்த மிஷினின் உயிர்நாடி, சிலிண்டரில் சுற்றியிருக்கும் 'பிளாங்கெட்' என்ற ரப்பர் விரிப்பு. பிளேட்டில் உள்ள மை நேராக காகிதத்துக்கு போகாது. முதலில் இந்த ரப்பரில் பதிந்து, அதிலிருந்துதான் காகிதத்துக்கு இறங்கும்.

இது தற்செயலாக பிறந்த யோசனை. அமெரிக்காவில் 1904-ம் ஆண்டு வாக்கில் ஐரா ரூபெல் என்பவரின் மிஷினில் ஒரு காகிதம் ஏறாமல் போக, மை ரப்பரில் பதிந்துவிட்டது. அடுத்த காகிதத்தின் பின்பக்கம் அந்த ரப்பரில் இருந்து பதிந்த எழுத்து, முன்பக்கத்தைவிட தெளிவாக இருந்ததாம்!

கலருக்கு பொது விதி இல்லை

பிளாங்கெட் நீலம், பச்சை, சிவப்பு, சாம்பல் என பல கலரில் வருகிறது. நீல பிளாங்கெட் போட்டால் நீல மை தூக்கலாக விழும் என்று நினைத்துவிடக்கூடாது. கலருக்கும் மைக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்கை அடையாளம் காட்ட தன் இஷ்டத்துக்கு கலர் சேர்க்கிறது. ஒரு கம்பெனியின் நீலமும், இன்னொரு கம்பெனியின் நீலமும் வேறு வேறு ரப்பராக இருக்கலாம்.

இங்கேதான் பணம் போகிறது. சாதாரண எண்ணெய் மைக்கு நைட்ரைல் ரப்பர். யு.வி. விளக்கில் காயும் மைக்கு இ.பி.டி.எம். என்ற ரப்பர். இதில் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதேபோல யு.வி. மையும், அதை கழுவும் திரவமும் நைட்ரைலை ஊத வைத்துவிடும். இரண்டுக்கும் பொதுவான ரகமும் உண்டு. பெரிய அச்சகத்தில் மிச்சமான துண்டு மலிவாக கிடைக்கிறதே என்று கலரை மட்டும் பார்த்து வாங்கி மாட்டினால், ரப்பர் உப்பி, எழுத்து தடித்து, அடித்த காகிதம் எல்லாம் வேஸ்ட். திட்டு வாங்குவது என்னவோ ஆபரேட்டர்தான்.

தறிக்காரருக்கு தெரிந்த ரகசியம்

உண்மையில் பார்க்க வேண்டிய கலர் பின்பக்கம் இருக்கிறது. ரப்பருக்கு அடியில் 3 அல்லது 4 அடுக்கு துணி ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலான பிளாங்கெட்களில் அந்த துணியில் கலர் நூலோ, கோடோ ஓடும். அதுதான் பாவு போகும் திசை.

பாவு, ஊடை என்றால் ஆட்டையாம்பட்டியில் சின்ன பிள்ளைக்கும் தெரியும். முன்கூட்டியே இழுத்து தயார் செய்த பாவு நூல் அதிகம் நீளாது. ஊடை பக்கம் இழுத்தால் நீளும். எனவே கலர் கோடு சிலிண்டரை சுற்றி போகும்படி மாட்ட வேண்டும். துண்டை குறுக்கே வெட்டி மாட்டினால் ஓட ஓட தொளதொளத்து, எழுத்து இரட்டையாக விழும். மாப்பிள்ளை பெயர் இரண்டாக தெரிந்தால் பத்திரிகை கொடுத்தவர் சும்மா விடுவாரா?

கனமும் முக்கியம். 3 அடுக்கு சுமார் 1.7 மி.மீ., 4 அடுக்கு சுமார் 1.95 மி.மீ. இருக்கும். கனம் மாறினால் அடியில் வைக்கும் பேக்கிங் காகிதத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். எனவே வாங்கும்போதே பின்பக்க முத்திரையில் ரகம், கனம் பார்த்து வாங்குவது நல்லது. துண்டு வெட்டி கொடுத்தால் கலர் கோடு எந்த பக்கம் போகிறது என்று கேட்டு, பேனாவால் அம்புக்குறி போட்டுக்கொள்ளலாம்.

புது பிளாங்கெட் மாட்டிய கொஞ்ச நேரத்தில் லேசாக தளரும். அது கோளாறு அல்ல. கொஞ்சம் ஓட்டியதும் மிஷினை நிறுத்தி, மறுபடி ஒருமுறை இறுக்கினால் சரியாகிவிடும்.