200 வரி, 30 கே.பி.: ஒரு பட்டாசு விலைப்பட்டியலின் எடை

2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. சரவெடிக்கும் பேரியத்துக்கும் விழுந்த தடை எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆர்டர் தடையைப் பற்றிய பேச்சு அவ்வளவாக இல்லை. ஆனால் பட்டாசுக் கடைக்கு இணையதளம் போட நினைப்பவரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. கூடை வேண்டாம், பணம் கட்டும் வசதி வேண்டாம், வாடிக்கையாளர் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டாம். மிஞ்சுவது விலைப்பட்டியல், கடை முகவரி, உரிம எண், தொலைபேசி எண். இதற்கு எவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டும்?

முதலில் சரக்கை நிறுத்துப் பார்ப்போம். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு 3, மேலே ஏறும் குறிக்கு 3. ‘எம். புதுப்பட்டி’ கண்ணுக்கு 8 எழுத்துதான். புள்ளியும் இடைவெளியும் சேர்த்துக் கணினிக்கு 44 பைட். ‘10 செ.மீ. கம்பி மத்தாப்பு’ 61 பைட். அதோடு ‘1 பெட்டி’, விலை, அட்டவணைக் குறிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு வரி ஏறத்தாழ 125 பைட். குருவி வெடி, லட்சுமி வெடி, சாட்டை, புஸ்வாணம், சங்கு சக்கரம், ராக்கெட் என்று 200 வரி போட்டாலும் 25,000 பைட்தான். தலைப்பு, முகவரி, நிற அலங்காரத்துக்கு 5,000 பைட் தாராளம். ஆக 30 கே.பி. தளம் இருக்கும் வழங்கி (சர்வர்) அதைச் சுருக்கி அனுப்பினால் 10 கே.பி.க்குள் அடங்கிவிடும்.

எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் திரட்டிய 2024 கணக்கில், கைபேசிக்கு வரும் முகப்புப் பக்கத்தின் நடு எடை சுமார் 2.3 எம்.பி. நம் பட்டியலைப் போல 75 மடங்குக்கு மேல். தீபாவளி மாதத்தில் 10,000 பேர் பார்த்தால் பட்டியலுக்கு 300 எம்.பி. போதும், அந்த நடு எடைப் பக்கத்துக்கு 23 ஜி.பி. ஓடும். படம் வேண்டுமே என்பார்கள். பெட்டிக்கு ஒரு படம், படத்துக்கு 20 கே.பி. என்றால் 200 படம் 4 எம்.பி. லட்சுமி வெடியைப் படம் பார்த்து வாங்குகிறவரை நான் இன்னும் கண்டதில்லை. வாணவேடிக்கைப் பெட்டிகள் பத்துப் பதினைந்துக்கு மட்டும் வைத்தால் 300 கே.பி.யோடு முடியும்.

மென்பொருளுக்கு வருவோம். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் 2003-ல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். 2014-ல் வந்த கிராவ் என்பதும் அப்படியே. உரிமக் கட்டணம் இரண்டுக்கும் பூஜ்யம். வித்தியாசம் உள்ளே. வேர்ட்பிரஸ் நிறுவியதும் தரவுத்தளத்தில் 12 அட்டவணை திறக்கிறது. மறுமொழி எழுதியவரின் ஐ.பி. முகவரிக்கு அதில் தனிப் பத்தியே உண்டு. கிராவுக்குத் தரவுத்தளமே கிடையாது. ஒரு பக்கம் என்பது ஒரு கோப்புறை, அதற்குள் ஓர் எழுத்துக் கோப்பு. எல்லாக் கோப்புறைகளையும் நகல் எடுத்தால் தளமே நகலாகிவிட்டது.

பட்டாசுக் கடைத் தளத்துக்கு வேலை ஆண்டில் இரண்டு மூன்று மாதம். மிச்ச மாதங்களில் யாரும் திறந்து பார்க்காத தளத்தில், புதுப்பிக்காத செருகுநிரல்கள் வழியாகத்தான் திருடன் நுழைகிறான். கிராவிலும் ஓட்டைகள் வந்ததுண்டு, அதையும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பூட்ட வேண்டிய கதவுகள் குறைவு. அதுவும் வேண்டாமென்றால், 2013-ல் வந்த ஹியூகோ போன்றவை பக்கங்களை வீட்டுக் கணினியிலேயே தயார்செய்து தந்துவிடும். வழங்கியில் நிரலே ஓடாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை வைத்திருப்பது இப்படிப்பட்ட எளிய பக்கங்களாகத்தான்.

இனி, பார்க்க வருகிறவரிடமிருந்து எடுக்கும் சரக்கு. கூகுள் அனலிடிக்ஸ் நிரல் சுருக்கிய நிலையிலேயே ஏறத்தாழ 100 கே.பி. விலைப்பட்டியலைவிட, அதைப் பார்ப்பவரை எண்ணும் நிரல் கனம்! எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வழங்கியின் பதிவேடே சொல்லும்; வருகைக்கு 200 பைட், 10,000 வருகைக்கு 2 எம்.பி. அதைக் கூட்டிக் காட்ட கோஅக்சஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எழுத்துருவை வெளியிலிருந்து இழுக்கவும் தேவையில்லை, கைபேசியிலேயே தமிழ் உண்டு. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம், கூகுள் எழுத்துருவை நேரடியாக இழுத்துப் பார்வையாளரின் ஐ.பி. முகவரியைக் கசியவிட்ட ஒரு தளத்துக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது.

நம் ஊர்ப் பட்டாசுத் தளங்கள் பலவற்றில் ‘எஸ்டிமேட்’ என்ற பெயரில் பெயர், கைபேசி எண், முகவரி எல்லாம் கேட்கும் படிவம் இருக்கிறது. தொகையைக் கூட்டிக் காட்டத்தானே அது? பார்ப்பவரின் கைபேசியிலேயே கூட்டிக் காட்ட இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும், 1 கே.பி. வராது, ஓர் எண்ணும் வெளியே போகாது. வாங்க நினைப்பவர் தானே கூப்பிடுவார். 2023-ன் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சேர்த்த தரவைக் காக்கத் தவறினால் தண்டம் ரூ. 250 கோடி வரை. கடைக்காரருக்கு அவ்வளவு விழாது என்றாலும், வாங்காத எண்ணைக் காக்க வேண்டிய வேலையே இல்லை.

பணக் கணக்கு சின்னது. இன்றைய சந்தையில் தளப் பெயருக்கு ஆண்டுக்கு ரூ. 1,000, சாதாரண வழங்கிக்கு ரூ. 3,000 என்று வைத்து 18% ஜி.எஸ்.டி. போட்டால் ரூ. 4,720. தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கக்கூடிய லெட்ஸ் என்க்ரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசில்லை.

ரசீதில் வராத செலவு வேறிடத்தில். அச்சுக்குப் போன விலைப்பட்டியல் சிவகாசி டிடிபி கடையில் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கும், ஆனால் பெரும்பாலும் பழைய எழுத்துருவில். அதை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் இலவசம். மாற்றிய 200 வரியையும் விலையோடு ஒத்துப் பார்ப்பது மனிதர் வேலை, ஒரு பிற்பகல் பிடிக்கும். சீசனில் காலண்டர் வேலையும் குவிந்து கிடக்கும் டிடிபிக்காரரிடம் அதற்கான கூலியை ஆடியிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.