கல் எடுத்த நிலம்

சங்கரன்கோவில் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. இங்கு உழவும் ஆடு வளர்ப்பும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நடைபெறுகின்றன. இத்தகைய வறண்ட செம்மண் நிலங்களில் சில அடி தோண்டினாலே பாறை தென்படும். வீட்டுக்கும் சாலைக்கும் வேண்டிய சல்லி அப்பாறையிலிருந்தே கிடைக்கிறது. கல் தீர்ந்தபின் எஞ்சுவது செங்குத்தான சுவர்கள் கொண்ட பள்ளம். மழைநீர் தேங்கியதும் அது ஆழம் தெரியாத குட்டையாகி, மேயும் ஆட்டுக்கும் குளிக்க இறங்கும் சிறுவர்க்கும் ஆபத்தாகிறது.

எடுத்த கல்லைத் திரும்ப வைக்க இயலாது. எனவே குவாரி நிலத்தை மீட்டல் என்பது பழைய நிலத்தை அப்படியே வரவழைத்தலன்று. அதனை வேறொரு பயனுக்கு உரியதாக்குதலே ஆகும். குவாரியை மூடியபின் தொடங்கும் வேலை இது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் முதல் நாளிலேயே இதன் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. பாறையின்மேல் கிடக்கும் மெல்லிய மேல்மண்ணில்தான் புல் விதைகளும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. அதைத் தனியே வழித்தெடுத்து, தாழ்ந்த குவியலாகச் சேர்த்து, புல் வளர்த்துக் காக்க வேண்டும். உயரமாகக் குவித்து நெடுநாள் விட்டால் காற்றின்றி உள்ளிருக்கும் உயிர்கள் மடியும். கல்லையும் படிப்படியாக வெட்டினால் சுவர் சரியாது; பின்னர் அப்படிகளில் மண் பரப்பி வேம்பும் புங்கும் ஆவாரையும் வளர்க்கலாம். வெற்றுக்கல்லை அப்படியே விட்டுச் சென்றால் சீமைக்கருவேலம்தான் முந்திக்கொள்ளும்.

மேல்மண் இல்லாத இடத்தில் என்ன செய்வது? கென்யாவின் மொம்பாசா நகருக்கு அருகே, சிமெண்டு ஆலைக்காகத் தோண்டப்பட்ட பவளச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் 1971இல் ரெனே ஹாலர் மரம் நடத் தொடங்கினார். அவர் முயன்ற 26 வகை மரங்களுள் மூன்றே பிழைத்தன. அவற்றுள் ஒன்று நம் கடற்கரைகளில் காணும் சவுக்கு. ஆனால் அதன் சருகு எளிதில் மக்கவில்லை. அவர் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை சருகைத் தின்று கழித்தது மட்கானது, மட்கு மண்ணானது. இன்று அது ஹாலர் பூங்கா எனப்படும் சோலை. நம் கருங்கல் அச்சுண்ணாம்புக்கல்லைவிடக் கடினமானது. அதில் வேர் எளிதில் இறங்காது. எனவே இங்கு மேல்மண்ணைக் காப்பது இன்னும் இன்றியமையாதது.

ஆழ்ந்த பள்ளங்களை நிரப்பாமல் நீர்நிலையாக்குவதும் ஒரு வழியே. 2017, 2019ஆம் ஆண்டுகளின் வறட்சியில், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீரானது. எனினும் வேலியும் இறங்கு சரிவும் இல்லாத குவாரிக் குட்டையை ஊருணியாகக் கொள்ள முடியாது.

சுரங்க வேலை முடிந்ததும் குத்தகைதாரர் அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் செழிக்கத்தக்கதாக மாற்ற வேண்டும் என்னும் நிபந்தனையை விதிக்குமாறு, உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஆடுகளை நம்பி வாழும் ஊர்களுக்கு இது வெறும் சட்டச் செய்தியன்று. கொழுக்கட்டைப்புல் ஒரு பருவமழையிலேயே தழைத்துவிடும், அதற்கு வேண்டிய சாண் அளவு மண் எங்கேனும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தால்.