எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடவுச்சொல்

ஜொகூரின் பத்து பாகாட்டிலிருந்து குளுவாங் போகும் சாலையில் பாரிட் ராஜா வரும். 1993-இல் பயிற்சி மையமாகத் தொடங்கி 2007-இல் முழுப் பல்கலைக்கழகமாக வளர்ந்த துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான புது மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் வேண்டும், இணையத் தொடர்பு வேண்டும், பாடத்தளம் வேண்டும். அதே பத்து பாகாட் மாவட்டத்துத் தொடக்கப்பள்ளிகளில், தமிழ்ப்பள்ளிகளிலும்தான், ஏழு வயதுப் பிள்ளைகள் கல்வியமைச்சின் டெலிமா தளத்துக்குள் முதன்முறையாக நுழைகிறார்கள். பெரிய வளாகமோ சின்னப் பள்ளியோ, ஆளுக்கொரு கடவுச்சொல்லை யாராவது ஒருவர் உட்கார்ந்து உருவாக்கித்தான் ஆகவேண்டும்.

கடவுச்சொல் என்றாலே நாம் பயன்படுத்துபவருக்குத்தான் அறிவுரை சொல்கிறோம்: பிறந்த தேதியை வைக்காதே, எழுதி ஒட்டாதே என்று. மொத்தமாகக் கொடுப்பவர் செய்யும் ஒரே ஒரு பிழை, வாங்கும் அத்தனை பேரின் கணக்கையும் ஒரே நாளில் திறந்துவிடக்கூடும். அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

வேலை என்னவோ எளிதுதான். லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பு போதும். வரிக்கு ஒரு பயனர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதையடுத்துக் கடவுச்சொல். அதை ஒரு கட்டளைக்குள் செலுத்தினால் இரண்டாயிரம் பேரின் கடவுச்சொல்லும் சில நொடிகளில் மாறிவிடும். கூகுளின் நிர்வாகப் பக்கமும் இப்படித்தான்: பெயர், முகவரி, கடவுச்சொல், முதல் நுழைவில் மாற்றச் சொல்லவேண்டுமா என்று வரிசையாகக் கட்டங்கள் கொண்ட அட்டவணை. சிக்கல் முழுவதும் அந்தக் கடவுச்சொல் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதில்தான்.

நம் நாட்டில் பல இடங்களில் அடையாள அட்டை எண்ணையே முதல் கடவுச்சொல்லாக வைத்துவிடுவது வழக்கம். எல்லோரிடமும் இருக்கிறது, ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இல்லை, மறக்காது. ஆனால் அந்தப் பன்னிரண்டு இலக்கங்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜொகூருக்கு 01, அல்லது 21 முதல் 24 வரை. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்தநாள் கேக்கைப் படமெடுத்து முகநூலில் போட்ட ஒரு பெண்பிள்ளையின் எண்ணில் மிச்சமிருப்பது என்ன? மாநிலக் குறியீடு 01 என்று வைத்துக்கொண்டால் வெறும் 5,000 வாய்ப்புகள். அதையும் ஊகிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது: 2017 அக்டோபரில் 46.2 மில்லியன் கைத்தொலைபேசி எண்கள் கசிந்த செய்தி வெளியானதே, அந்தக் குவியலில் அடையாள அட்டை எண்களும் வீட்டு முகவரிகளும் சேர்ந்தே இருந்தன. ஆளை அடையாளம் காட்டத்தான் அந்த எண். வங்கியிலும் மருந்தகத்திலும் பள்ளிப் படிவத்திலும் எழுதிக் கொடுக்கிற ஒன்றை இரகசியமாக நினைப்பது தவறு என்றே நான் உறுதியாகச் சொல்வேன்.

இதே எண்ணை எக்செல்லில் ஏற்றும்போது வேறொரு கூத்து நடக்கும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. இன்று பல்கலைக்கழகத்தில் நுழைபவர்கள் அந்த வயதினர்தான். கட்டத்தை எழுத்து வடிவமாக மாற்றாமல் விட்டால் எக்செல் அந்த முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் எண் பூஜ்யத்தில் தொடங்காது. ஆனால் பன்னிரண்டு இலக்கம் என்பதால் அதைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அப்படியே காற்புள்ளிக் கோப்பாக (CSV) சேமித்தால் திரையில் தெரியும் சுருக்கம்தான் போய்ச் சேரும், கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். மறுநாள் காலையில் "உள்ளே போக முடியவில்லை, டீச்சர்" என்று ஒரு வகுப்பே நிற்கும்.

சரி, எண்ணை விட்டுவிட்டுக் கணினியையே தற்செயலாக ஒன்றை உருவாக்கச் சொல்வோம். இங்கேதான் உண்மையான அறிவியல் தொடங்குகிறது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மாரிஸும் 1979-இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஓரிடத்தில் பயனர்களின் சொந்தக் கடவுச்சொற்கள் மோசமாக இருக்கின்றன என்று கணினியே எட்டு எழுத்தில் உருவாக்கிக் கொடுத்தது. சிற்றெழுத்து 26, இலக்கம் 10. எட்டு இடங்களில் 2.8 டிரில்லியனுக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். அன்றைய பிடிபி-11/70 கணினியில் அத்தனையையும் முயன்று பார்க்க 112 ஆண்டுகள் ஆகும். ஆனால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்த நிரலோ 32,768 தொடக்க எண்களில் ஒன்றிலிருந்துதான் கிளம்பியது. ஒவ்வொரு தொடக்க எண்ணுக்கும் ஒரே ஒரு கடவுச்சொல். உடைக்க வந்தவர் அந்த 32,768-ஐயும் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கணினி கொடுத்த அத்தனை கடவுச்சொற்களும் கையில்.

கணினி நிரலால் தானாகத் தற்செயலை உண்டாக்க முடியாது. ஒரு தொடக்க எண்ணை வாங்கிக்கொண்டு, சிக்கலான கணக்கு ஒன்றைப் போட்டு, பார்ப்பதற்குக் கலைந்ததுபோன்ற ஒரு வரிசையை நீட்டும். தொடக்க எண்ணை ஊகித்தவருக்கு முழு வரிசையும் தெரியும். இந்தப் பாடத்தை உலகம் மறந்து மறந்து மறுபடி கற்கிறது. 2006 முதல் 2008 மே மாதம் வரை டெபியன் லினக்ஸில் ஒரு சிறு திருத்தம் செய்த வேலையால், குறியாக்கச் சாவிகளின் தொடக்கம், இயங்கும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண்ணாகச் சுருங்கியது. அதற்கும் வாய்ப்புகள் அதே 32,768. 2021-இல் காஸ்பர்ஸ்கியின் கடவுச்சொல் மென்பொருளில் இருந்ததாக வெளியே தெரிந்த பிழையோ கடிகாரத்தின் வினாடியைத் தொடக்கமாக எடுத்தது. பத்து ஆண்டுகளைக் கணக்கிட்டாலும் 315 மில்லியன் வினாடிகள்தான். இன்றைய கணினிக்குச் சில நிமிட வேலை. ஒரே வினாடியில் பொத்தானை அழுத்திய இருவருக்கு, இருவர் எந்த நாட்டில் இருந்தாலும், ஒரே கடவுச்சொல் கிடைத்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் எழுத்துகள் ஒரு வினாடிக்கு மேல் உருண்டு காட்டியதால் யார் கண்ணிலும் அது படவில்லை.

மொத்தமாக உருவாக்குபவரை இது இன்னும் நேராகத் தாக்கும். மைக்ரோசாஃப்ட்டின் பழைய டாட்நெட்டில், ஒவ்வொரு மாணவருக்கும் புதிதாக ஒரு தற்செயல் எண் கருவியைத் தொடங்குவதாக நிரல் எழுதினால், நிரல் ஓடும் வேகத்தில் கடிகாரம் நகர்வதற்குள் பல பேருக்கு ஒரே தொடக்க எண் போய்விடும். பட்டியலில் அடுத்தடுத்து அதே கடவுச்சொல் வந்து நிற்கும். பரிகாரம் கடினமில்லை. இயங்குதளத்தின் உட்கருவே தட்டச்சு, வட்டு, வலைப்பின்னல் ஆகியவற்றின் நுண்ணிய நேர வேறுபாடுகளைத் திரட்டி வைக்கிறது. லினக்ஸில் 1994-இலிருந்து இது உண்டு. நிரல் அந்த இருப்பிலிருந்து எடுக்கவேண்டும், அவ்வளவே.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்துமா? குறிகளும் பேரெழுத்துகளும் கலந்த பன்னிரண்டு எழுத்துகளை அந்தப் பிஞ்சு விரல்கள் தட்டச்சு செய்யாது. பூஜ்யமா, ஓ எழுத்தா; ஒன்றா, எல் எழுத்தா என்று அச்சிட்ட தாளைப் பார்த்து அம்மாவும் திணறுவார். பிள்ளைக்குத் தெரிந்த ஆயிரம் சொற்களைப் பட்டியலிட்டு, அதிலிருந்து தற்செயலாக மூன்றை எடுத்து இரண்டு இலக்கம் சேர்த்தால் 100 பில்லியன் சேர்க்கைகள் கிடைக்கும். திருடப்பட்ட கோப்பைத் தன் கணினியில் வைத்து உடைப்பவருக்கு இது பெரிய எண்ணில்லை. ஆனால் தளத்தின் வாசலில் நின்று முயல்பவரைச் சில தவறுகளிலேயே தளம் தடுத்துவிடும். அங்கே இது தாராளம். முக்கியமான ஒன்று: சொற்களைப் பகடையோ கணினியோ எடுக்கவேண்டும். ஆசிரியர் மனத்தில் தோன்றியதை எடுத்தால் ஒவ்வொரு வகுப்பிலும் பூவும் பழமும் பட்டாம்பூச்சியும்தான் வரும்.

அடுத்த ஆபத்து, பட்டியல். உருவாக்கிய கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் வெட்டவெளிச்சமாக இருக்கின்றன. கணினிக் கடவுச்சொல்லின் வரலாறே இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1960-களின் தொடக்கத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியை உருவாக்கி, ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று துளையட்டை ஒன்றில் அந்தக் கோப்பின் பெயரை எழுதி அச்சுக்குப் போட்டார். முழுப் பட்டியலும் தாளில் வந்தது. இன்று நம் ஊரில் அச்சுத் தந்திரமெல்லாம் வேண்டாம். ஒரு வகுப்பின் முழுப் பட்டியலையும் படமெடுத்துப் பெற்றோர் புலனக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். முப்பது வீட்டுக் கைப்பேசிகளில், அவற்றின் மேகச் சேமிப்புகளில், அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நேரமில்லாத ஆசிரியர் செய்வது புரிகிறது. இருந்தாலும் பிள்ளைகளின் பாடமும் எழுத்தும் படமும் இருக்கும் கணக்குகள் அவை. இந்தப் பழக்கத்தை விட்டாகவேண்டும்.

மொத்தமாக மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகம் காட்டியது. 2019 டிசம்பரில் தீநிரல் தாக்கியதால் அங்கே வலைப்பின்னலை முழுக்க அணைத்தார்கள். ஏறத்தாழ 38,000 மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் புதுக் கடவுச்சொல் தேவைப்பட்டது. மின்னஞ்சலில் அனுப்ப வழியில்லை, ஏனென்றால் மின்னஞ்சலின் கடவுச்சொல்லே அதுதான். பிறந்த மாதப்படி நாள் ஒதுக்கி, உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நிற்கவைத்து, அடையாள அட்டையைப் பார்த்துத் தாளில் அச்சிட்ட கடவுச்சொல்லைக் கையில் கொடுத்தார்கள். பலர் கேலி பேசினார்கள். எனக்கு அது நேர்மையான வேலையாகவே படுகிறது. "நான்தான் அவன், மறந்துவிட்டேன்" என்று சொல்பவர் உண்மையில் அவர்தானா என்பதை எந்த நிரலும் தீர்த்துவைக்காது.

இந்த விஷயத்தில் பத்து பாகாட் வட்டாரத்தின் சிறு தமிழ்ப்பள்ளிகளுக்குப் பெரிய வளாகங்களுக்கு இல்லாத வலிமை உண்டு. வகுப்பாசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும், அழைத்துப்போக வரும் பாட்டியையும் தெரியும். ஆளுக்கொரு துண்டுத்தாளாக வெட்டி, கணினி அறையிலேயே கையில் கொடுத்து, அங்கேயே நுழையவைத்து, அங்கேயே மாற்றவைக்கலாம். கோப்பை அன்றே அழித்துவிடலாம்; பதிவிறக்கக் கோப்புறையிலும் அச்சுப்பொறியின் நினைவகத்திலும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பட்டியல் எடுக்கவேண்டும்: கொடுத்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றாத கணக்குகள் எவை? பள்ளி மாறிப் போன பிள்ளை, சேராமல் விட்ட மாணவர் என்று சில பெயர்கள் எப்போதும் மிஞ்சும். அவற்றை முடக்கிவிட்டு, உரியவர் நேரில் வந்து கேட்கும்போது புதிதாக ஒன்றைக் கொடுத்தால் போதும்.