சிரிக்காத முகமும் நீராவி எஞ்சினும்

காதலி முகம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மனமுடைந்த எஞ்சின் டிரைவர் ஜானி, தன் நீராவி எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டின்மேல் போய் உட்காருகிறான். அவனைக் கவனிக்காமல் யாரோ எஞ்சினைக் கிளப்புகிறார். தண்டு மேலே போகிறது, கீழே வருகிறது, ஜானியும் கூடவே. எஞ்சின் கொட்டகைக்குள் நுழையும் நேரத்தில்தான் அவனுக்கு உறைக்கிறது.

1926-ல் வெளிவந்த ‘தி ஜெனரல்’ மௌனப் படத்தின் காட்சி இது. ஜானியாக நடித்த பஸ்டர் கீட்டனே கிளைட் பிரக்மனுடன் சேர்ந்து படத்தை இயக்கினார்.

சக்கரம் சுழன்றாலும் அந்தத் தண்டு சுழலாது. இரு முனைகளும் ஒரே அளவு ஏறி இறங்குவதால், அது எப்போதும் தண்டவாளத்துக்கு இணையாகவே இருக்கும். அதனால்தான் ஜானி, ராட்டினத் தொட்டிலில் உட்கார்ந்தவன்போல் சாயாமல் போகிறான். நீராவி கொஞ்சம் கூடி, சக்கரம் வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆளைத் தூக்கி எறிந்திருக்கும்.

இன்னொரு காட்சியில், தண்டவாளத்தின் குறுக்கே ஒரு ஸ்லீப்பர் கட்டை கிடக்கிறது. ஓடும் எஞ்சினின் முன்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஜானியின் மடியில் இன்னொரு கட்டை. அதை ஓங்கி எறிகிறான். கிடந்த கட்டையின் நுனியில் சரியாக விழுகிறது. தண்டவாளமே நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிவிட, கட்டை எகிறி வெளியே விழுகிறது.

இதையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினால் தந்திரம் என்று தோன்றிவிடும். ஆகவே கீட்டன் கேமராவைத் தள்ளி நிறுத்தி, ஆளும் இயந்திரமும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்தார். முகத்தில் சிரிப்பே காட்டமாட்டார். சிறு வயதில் பெற்றோருடன் மேடையேறியபோதே, தான் சிரிக்காவிட்டால் கூட்டம் அதிகம் சிரிக்கும் என்று கற்றிருந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-ல் நடந்த ஓர் எஞ்சின் கடத்தல்தான் கதைக்கரு. ஓரிகன் மாநிலத்தில் படப்பிடிப்பு. எரியும் பாலத்தில் எஞ்சின் ஏறும் காட்சிக்குப் பொம்மை எஞ்சின் போதும் என்று அவர் நினைக்கவில்லை; உண்மையான எஞ்சினையே ஆற்றில் விழவைத்தார். இன்னொரு முறை எடுக்க வழியே கிடையாது.

அத்தனை பெரிய விபத்தையும் காட்டிவிட்டு, “பாலம் தாங்கும்” என்று எஞ்சினை அனுப்பிய தளபதியின் முகத்துக்குக் கேமராவைத் திருப்புகிறார். அவரும் சிரிக்கவில்லை. அரங்கம் சிரிக்கிறது.