கணையச் சுரப்பைத் தடுக்கும் மருந்துகள்: அபாயங்களும் நோயாளியின் உரிமைகளும்

உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் முதற்பகுதியை அடைந்ததும், அங்குள்ள சில செல்கள் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. அமினோ அமிலங்கள் கோத்து அமைந்த பெப்டைடு வகையைச் சேர்ந்த இந்த ஹார்மோன், தனக்குரிய ஏற்பிகளோடு, அதாவது செல்லின் புறச்சவ்விலிருந்து கட்டளையை உள்ளே கடத்தும் புரதங்களோடு இணைந்து, பித்தப்பையைச் சுருக்குவதுடன் கணையத்தின் செரிமான நொதிச் சுரப்பையும் தூண்டுகிறது. முதற்செயலை 1928-இல் ஐவியும் ஓல்ட்பெர்க்கும், இரண்டாவதை 1943-இல் ஹார்ப்பரும் ரேப்பரும் கண்டறிந்தபோது இவை இரு வேறு ஹார்மோன்களின் வேலை என்றே கருதப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது 1960-களில் யோர்ப்பெஸ், மூட் ஆகியோரின் ஆய்வால் உறுதியானது.

இந்த ஏற்பியில் அமர்ந்துகொண்டு ஹார்மோனை அண்டவிடாத மருந்துகளே ஏற்பித் தடுப்பான்கள். டெவாசெபைடு, லாக்ஸிகுளூமைடு ஆகியவை இவ்வகையின. அழற்சியுற்ற கணையத்தைத் தன் நொதிகளே சிதைப்பதால், சுரப்பைக் குறைத்தால் நோய் தணியும் என்ற எதிர்பார்ப்பில் இவை ஆராயப்பட்டனவாயினும், கணைய அழற்சிக்குரிய வழக்கமான சிகிச்சையாக இன்றளவும் நிலைபெறவில்லை. எலிகளில் கொலிசிஸ்டோகைனின் கணையச் செல்களை நேரடியாகத் தூண்டுகிறது. மனிதரிலோ பெரும்பாலும் மூளையை வயிற்று உறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவே செயல்படுவதால், எலிகளில் கிடைத்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது.

மனிதரில் இத்தடுப்பான்கள் நொதிச் சுரப்பை ஓரளவே குறைக்க, பித்தப்பையின் சுருக்கத்தையோ வலுவாகத் தடுக்கின்றன. சுருங்காத பித்தப்பையில் பித்தநீர் தேங்குவதால் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. வலது மேல்வயிற்றில் தோன்றித் தோள்பட்டைக்குப் பரவும் வலி அதன் அறிகுறியாகலாம் என்பதோடு, காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ உடன் சேர்ந்தால் உடனடி மருத்துவம் தேவை. நலமான கணையத்தில் சுரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தால்தான் கொழுப்புச் செரிமானம் வெளிப்படையாகக் கெடும். நாட்பட்ட அழற்சியால் முன்பே நலிந்த கணையத்திற்கோ சிறு குறைவும் தாங்க முடியாததாகலாம். எண்ணெய்ப் பசையுடன் கடும் நாற்றமடிக்கும் மலமும் உடல் மெலிவும் நொதிப் பற்றாக்குறையைச் சுட்டுகின்றன. மலத்திலுள்ள எலாஸ்டேஸ் என்னும் கணைய நொதியின் அளவைச் சோதித்து அதனை அறியலாம், உணவோடு உட்கொள்ளும் நொதி மாத்திரைகளால் ஈடுசெய்யலாம்.

இத்தகைய மருந்தை ஒருவர் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை ஆய்வில்தான் எதிர்கொள்வார் என்பதால், இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் அவருக்குப் பாதுகாப்பாக அமைகின்றன. மருந்தின் நோக்கம், அபாயம், மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றைத் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறிந்த பிறகே ஒப்புதல் தரவும், ஒப்புதல் தந்த பின்னரும் வழக்கமான சிகிச்சையை இழக்காமல் எந்நேரமும் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. ஆய்வின்போது பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும், அது ஆய்வினால் விளைந்ததென நிறுவப்பட்டால் இழப்பீடும் பெறலாம். ஒப்புதல் தருமுன் பித்தப்பையின் நிலை சோதிக்கப்படுமா, அது எவ்வாறு கண்காணிக்கப்படும் என்று வினவுவதும், ஒப்புதல் படிவத்தின் படியையும் ஆய்வை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரத்தையும் பெற்றுக்கொள்வதும் அவசியம். விற்பனையிலுள்ள எந்த மருந்தினாலும் பக்கவிளைவு ஏற்பட்டதாகக் கருதுவோர், மருத்துவரிடம் கூறுவதுடன், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.