சட்டையில் ஒரு கடைப்பெயர்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த ஆடைப் பாதியிலும் ஒரு சாண் இடத்தை இன்று கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். நம் கல்லூரி வாயிலில் காலை ஒன்பதரை மணிக்குச் சிறிது நேரம் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ஒருவர் நெஞ்சில் சிமெண்டு, ஒருவர் முதுகில் உரம், மற்றொருவர் கையில் நகைக்கடை. விலை குறைந்த, பல நேரங்களில் விலையே இல்லாத, இத்தகைய சட்டைகளை நாம் அணியலாமா, கூடாதா? சிறிய கேள்விதான். ஆனால் முதலாம் ஆண்டில் பல மாதங்கள் இக்கேள்வி என்னை விடாமல் துரத்தியது என்றால் நண்பர்கள் சிரிக்கக் கூடாது.

என் தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். பெயிண்ட் கம்பெனிகளும், பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடைகளும் அவ்வப்போது பெயிண்டர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி, புதிதாக வந்துள்ள சரக்கைப் பற்றி விளக்கி, பிரியாணி போட்டு, கையில் ஒரு டி-ஷர்ட்டும் கொடுத்து அனுப்புவது வழக்கம். இப்படி வந்து சேர்ந்தவை எங்கள் வீட்டில் ஏராளம். எங்கள் கொடிக்கயிற்றைப் பார்ப்பவர்கள் அதை ஒரு கடைத்தெரு என்றே நினைப்பார்கள். அம்மா சோற்றுப்பானையை இறக்கும் கரித்துணியில்கூட ஒரு கம்பெனியின் பெயர் பாதி தெரியும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது என்னிடம் இருந்த மேலாடைகள் ஐந்து. அவற்றுள் இரண்டு இவ்வகையைச் சேர்ந்தவை. அதில் ஒன்று, எங்கள் ஊர் ஹார்டுவேர் கடை ஒன்றின் பெயரும் தொலைபேசி எண்ணும் முதுகு முழுவதும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட நீலச் சட்டை.

சேர்ந்த இரண்டாவது வாரம். செய்முறை வகுப்பு. லேப் கோட் இன்னும் தைத்து வரவில்லை. நான் குனிந்து பிப்பெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “டேய் ஹார்டுவேர், கொஞ்சம் தள்ளு!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயராயிற்று. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரை ஆசிரியர்கள் மட்டுமே பயன்படுத்தினார்கள். நான் அந்தச் சட்டையைச் சில நாள் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அணிந்து, மேலே இன்னொரு சட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஆவணி மாதத்துப் புழுக்கத்தில் அது எத்தனை நாளைக்குச் சாத்தியம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத வேளையில், அப்பாவின் பெயிண்ட் சாமான்களுக்கு நடுவிலிருந்து தின்னர் டப்பாவை எடுத்தேன். பழந்துணியில் நனைத்து அந்தப் பெயரைத் தேய்த்தேன். வேதியியல் மாணவன் அல்லவா, கரைப்பான் இருந்தால் எதையும் கரைத்துவிடலாம் என்ற துணிவு! அரை மணி நேரம் தேய்த்தும் பெயர் போகவில்லை. எழுத்துகள் உப்பிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சில எழுத்துகள் உரிந்து வந்தன. சில அசையவே இல்லை. சட்டை பார்ப்பதற்கு முன்னைவிட மோசமாயிற்று.

அது ஏன் போகவில்லை என்பதைத் திருப்பூரில் அச்சுப் பட்டறையில் வேலை செய்யும் என் தாய்மாமன் பின்னர் விளக்கினார். நம்மில் பலர் நாள்தோறும் உடுத்தும் ஒன்றைப் பற்றிய செய்தி ஆதலால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன். துணிக்குச் சாயம் ஏற்றுவது வேறு. துணியின் மேல் அச்சிடுவது வேறு. பருத்தி என்பது செல்லுலோஸ். இன்று பருத்தித் துணிக்குப் பெரிதும் பயன்படும் வினைச் சாயங்கள் அந்தச் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே உண்டாக்கிக்கொள்கின்றன. அச்சு அப்படியன்று. சட்டகத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய வலைத்துணிதான் ஸ்கிரீன். எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றத் துளைகளை அடைத்துவிடுவார்கள். மேலே பசையை ஊற்றி ஒரு ரப்பர்ப் பட்டையால் இழுத்தால், திறந்த துளைகளின் வழியே பசை துணியில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இலவசச் சட்டைகளில் பெரும்பாலும் ஒற்றை நிற எழுத்தே இருப்பதன் காரணம் இதுதான். நிறம் கூடினால் ஸ்கிரீனும் கூலியும் கூடும்.

தடிப்பாக, தொட்டால் ரப்பர்போல வழவழக்கும் அச்சுகளில் பல, ‘பிளாஸ்டிசால்’ என்னும் பசையால் ஆனவை. பி.வி.சி. தூளை, அதனை இளக்கும் ஒரு திரவத்தில் கலந்து அதைச் செய்கின்றார்கள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்தப் பொருளோ அதே பொருள்! சாதாரண வெப்பத்தில் இப்பசை காயவே காயாது. ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் காட்டும்போது தூள் அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொண்டு, உருகி ஒன்றாகி, நூலிழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு படலமாகிவிடுகின்றது. தின்னர் அந்தப் படலத்தை ஊற வைக்கும். இழைகளுக்கு இடையே சென்று பற்றியதை வெளியே இழுக்காது. இவ்வகை அச்சின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழுத்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், திருப்பியே இஸ்திரி போட வேண்டும் என்றார் மாமா. வெட்கத்தால் நான் செய்தது, துவைப்பதற்கு மட்டும் சரியான முறை என்று தெரிந்தது!

அச்சு இருக்கும் இடத்தில் காற்றும் வியர்வையும் புகாது என்பதை முதுகு முழுவதும் பெயர் தாங்கியவர்கள் அறிவார்கள். துணியும் கவனிக்கத்தக்கது. இலவசச் சட்டைகளில் பாலியெஸ்டர் மிகுதி. நிலையான ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை வாங்கி வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட வாங்காது. எது என்று கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, கடினமான மணிபோல் உறையும். என் நீலச் சட்டையின் நூல் உருகவும் செய்தது, சாம்பலும் விட்டது. கலப்பு என்று புரிந்துகொண்டேன்.

இனி, கடைக்காரர் ஏன் கொடுக்கின்றார்? தருமத்துக்கு அன்று. நாளிதழ் விளம்பரம் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். சட்டையோ, வாரம் இரண்டு நாள் அணிந்தால் ஆண்டுக்கு 100 நாளுக்கு மேல் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் ரேஷன் வரிசையிலும் நடமாடும். சுவருக்கு வாடகை உண்டு; முதுகுக்கு இல்லை. இதில் யார் யாருக்கு உபகாரம் செய்கின்றார்கள் என்று நான் பல நாள் கணக்குப் போட்டேன்.

ஆனால் காசு கொடுத்தே பெயரைச் சுமப்பவர்களும் இருக்கின்றார்கள் அன்றோ! முன்பெல்லாம் பெயர் சட்டைக்கு உள்ளேதான் இருந்தது. நம் ஊர்த் தையற்காரர் இன்றும் காலரின் உட்புறம் தம் கடைப்பெயர் நெய்த சிறு துணியை வைத்துத் தைக்கின்றார். அது உடுத்துபவருக்கும் வண்ணாருக்கும் மட்டுமே தெரியும். அதனை வெளியே கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட். 1933-ஆம் ஆண்டு ஆந்திரே ஜிலியே என்பவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, நெஞ்சில் முதலை தைத்த சட்டையை விற்றார். அதன்பின் குதிரையும் கோடும் பறவையும் எல்லோர் நெஞ்சிலும் ஏறின. அவற்றின் விலை நமக்கு எட்டாததால் போலிகளும் பிறந்தன. போலிக் குறியோடு பொருள் விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனக்கு ‘ஹார்டுவேர்’ என்று பெயரிட்ட நண்பர் அன்று அணிந்திருந்ததும் நடைபாதையில் வாங்கிய அத்தகைய சட்டையே. அதில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. அதை நான் அப்போதே கவனித்தேன். சொல்லவில்லை. இப்போது அவர் என் நெருங்கிய நண்பர். அவர் அனுமதி பெற்றே இதை எழுதுகின்றேன்.

மேல்நாட்டில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 2016-இல் ‘வெட்மாங்’ என்ற பாரிசு நாகரிக ஆடை நிறுவனம், டி.எச்.எல். என்னும் கூரியர் கம்பெனியின் குறி பொறித்த மஞ்சள் டி-ஷர்ட்டை 185 பவுண்டுக்கு விற்றது. 2017-இல் ‘பலென்சியாகா’ நிறுவனம், ‘ஐக்கியா’ கடை அப்போது 99 சென்டுக்கு விற்ற நீலப் பையைப் போலவே தோலில் ஒரு பை செய்து 2,145 டாலர் விலை வைத்தது. 2020-இல் ‘லிடில்’ என்ற மலிவு விலை மளிகைக்கடை, தன் கடையின் நீலம், சிவப்பு, மஞ்சள் நிறங்களிலேயே காலணி செய்து 12.99 யூரோவுக்கு விற்றது. வாங்கியவர்களில் சிலர் அதனைப் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனைக்கு வைத்தார்கள். மலிவுக் கடையின் பெயரை அணிவது அங்கே ஒரு பெருமையாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் மகிழ்ச்சி, பின்னர் கோபம். 185 பவுண்டு கொடுத்துக் கூரியர் சட்டை அணிந்தவரை யாரும் கூரியர்க்காரர் என்று எண்ணி “பார்சல் எங்கே?” என்று கேட்கப் போவதில்லை. அவருக்கு அது விளையாட்டு. அந்தச் சட்டையைக் கழற்றினால் அணிய அவரிடம் வேறு சட்டைகள் இருக்கின்றன. இருக்கும் ஐந்தில் இரண்டு அப்படிப்பட்டவை என்னும்போது அது விளையாட்டாகாது; பார்ப்பவர்கள் அதை வைத்தே நம்மைப் படித்துவிடுகின்றார்கள். எழுத்து ஒன்றுதான், படிக்கப்படும் பொருள்தான் வேறாகின்றது.

நம் மஞ்சள் பையையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஜவுளிக்கடையின் பெயரும் ஊரும் அச்சிட்ட அந்தப் பையோடு பட்டணத்தில் இறங்கியவரை ‘மஞ்சப்பை’ என்றே கேலி பேசிய காலம் உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. 2022-இல் சென்னைக் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரமே வைத்தார்கள். என் பாட்டி அந்தப் பையை ஒருநாளும் கைவிட்டதில்லை. அவருக்கு அது கேலியாக இருந்த காலமும் தெரியாது, பெருமையான காலமும் தெரியாது. வெற்றிலையும் ரேஷன் அட்டையும் வைத்துக்கொள்ள வசதியான பை, அவ்வளவே.

தின்னர் விவகாரம் அன்று மாலையே வெளிப்பட்டுவிட்டது. வாசனை காட்டிக் கொடுத்தது. அப்பா சட்டையை விரித்துப் பார்த்தார். திட்டப் போகின்றார் என்று நின்றேன். “நல்ல தின்னரை வீணாக்கிட்டியே தம்பி” என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, “காலேஜ்ல எதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் அந்தச் சட்டையை அவரே போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். அப்போதுதான் அவர் சொன்னார்: “புதுத் தெருவுல இந்தச் சட்டையோட நின்னா, ‘நீங்க பெயிண்டரா? எங்க வீட்டைப் பாக்குறீங்களா?’ன்னு ரெண்டு பேர் கேப்பாங்க. வெள்ளைச் சட்டையோட நின்னா யாரு கேப்பா?” இது என் கணக்கில் வரவே இல்லை. அவர் கடையை விளம்பரம் செய்கின்றார்; கடையும் அவரை விளம்பரம் செய்கின்றது. அவருக்கு அந்தச் சட்டை கூலி பெற்றுத் தருகின்றது. எனக்கு அது ஒரு பட்டப்பெயரை மட்டுமே பெற்றுத் தந்தது. ஒரே சட்டைதான். ஆகவே அணியலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்று தோன்றுகின்றது. போலியை நான் வாங்க மாட்டேன். நெஞ்சில் ஒரு முதலைக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்கவும் மாட்டேன். நாலு முறை துவைத்தால் கிழியும் துணியை இலவசம் என்பதற்காகவே உடுத்தவும் வேண்டியதில்லை. துணி நன்றாக இருந்து, வேறு சட்டையும் இல்லாதபோது, ஒரு கடைப்பெயருக்காக அதனைப் பெட்டியில் பூட்டி வைப்பது எனக்கு இப்போது அறிவுடைமையாகத் தெரியவில்லை. விழா நாளுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் வேறு சட்டை வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. அதற்காக ஒன்று, முதலாண்டு உதவித்தொகை வந்தபோது வாங்கி வைத்திருக்கின்றேன்.

சென்ற வாரம் அப்பா வேலை முடிந்து வந்தவர், கை கழுவிக்கொண்டே, “அடுத்த மாசம் பெயிண்டர் கூட்டம் இருக்கு. எந்த அளவு வேணும்னு முன்கூட்டியே கேக்குறாங்க. உனக்கு வேணாம்னா சொல்லிடு” என்றார். சென்ற முறை அளவு கேட்காமல் கொடுத்ததில் எனக்கு முழங்கால் வரை தொங்கிய சட்டை வந்தது.

“எம் சைஸ் வாங்கிட்டு வாங்கப்பா” என்றேன்.